குதிரைக்கு ஸ்ட்ரெச்சிங்: கேரட்ல இருந்து ஆரம்பிங்க

நம்ம பக்கம் குதிரை ஒண்ணும் புதுசு இல்ல, 1824-ல ஆரம்பிச்ச, ஓசூர் பக்கத்துல இருக்கிற மத்திகிரி கால்நடைப் பண்ணையே முன்னாடி ராணுவக் குதிரைக்குன்னு இருந்த இடந்தான். இப்பவும் கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழான்னு வச்சிருக்கவங்க கொள்ளு, புல்லு, லாடம் எல்லாம் பாத்துப் பாத்து பண்றாங்க, ஆனா நாள் பூரா ஒரே இடத்துல கட்டிப் போட்டுட்டு சாயங்காலம் மேளத்துக்கு நடுவுல நிக்க வச்சா முதுகு இறுகாம என்ன பண்ணும்?

முதல்ல ஒரு பத்து நிமிஷம் கையில பிடிச்சு நடத்துங்க. இத மட்டும் விட்டுடாதீங்க. நான் ஆரம்பத்துல எங்க செவலைய லாயத்துல இருந்து அப்படியே கொண்டாந்து பின்னங்கால பிடிச்சு இழுத்துட்டேன், வெடுக்குனு உதறுச்சு, அப்புறம் ரெண்டு நாள் அந்தக் கால அது நொண்டி நொண்டி வச்சத பாக்கவே முடியல.

அடுத்து கேரட். உழவர் சந்தைல நீளமானதா பாத்து வாங்கி நெடுக்குவாக்குல கீறிக்கோங்க, வட்ட வட்டமா நறுக்குனா தொண்டைல அடைச்சுக்கும். குதிரைய சமதரையில செவத்து ஓரமா நிக்க வைங்க, அப்பதான் பின்பக்கத்த திருப்பி ஏமாத்தாது. கேரட்ட மூக்குகிட்ட காட்டி மெதுவா கீழ கொண்டு போங்க, தாடை நெஞ்சத் தொடணும், அப்புறம் ரெண்டு முட்டிக்கு நடுவுல, அப்புறம் கணுக்கால்கிட்ட. இதுக்கப்புறம் பக்கவாட்டுல, சேணத்து வார் போடுற இடம், அங்கிருந்து இடுப்பு. செவலை மேல் உதட்ட தும்பிக்கை மாதிரி நீட்டி நீட்டித் தேடும், அப்ப பிடரிக்குக் கீழ இருந்து முதுகு வரைக்கும் தசை எழும்புறது கண்ணுக்கே தெரியும். அஞ்சு செகண்ட் அப்படியே நிக்கட்டும், அப்புறம் குடுத்துடுங்க. ஒவ்வொண்ணும் அஞ்சு தடவை, வாரத்துல மூணு நாலு நாள் போதும். மூணு மாசம் இத விடாம பண்ண குதிரைங்களுக்கு முதுகெலும்ப ஒட்டி இருக்கிற தசை தடிச்சிருக்கிறத ஸ்கேன்ல அளந்தே பாத்திருக்காங்க.

கால் நீட்டறது கடைசில. குதிரைக்கு நமக்கு தோளையும் நெஞ்செலும்பையும் இணைக்கிற காறை எலும்பே கிடையாது, முன்னங்கால் உடம்போட தசைலயும் நார்லயும்தான் ஒட்டி நிக்குது, அதனால பக்கவாட்டுல இழுக்கவே கூடாது, நேரா முன்னாடிதான். ஒரு கை முட்டிக்கு மேல பின்பக்கமா, இன்னொரு கை கணுக்கால்ல, தரைய விட்டு ரொம்ப தூக்காம அது விடுற அளவுக்கு மட்டும் கொண்டு போய் பத்து பதினஞ்சு செகண்ட் தாங்கிப் பிடிங்க. அது கால இழுத்துச்சுன்னா உடனே விட்டுடுங்க. பின்னங்காலும் இதே மாதிரிதான், ஆனா நேரா பின்னாடி நிக்காம தொடைய ஒட்டி பக்கத்துல நில்லுங்க.

நொண்டுற குதிரைக்கும் கால் வீங்கியிருக்கிறதுக்கும் இதெல்லாம் வேணாம். அப்புறம், இடது பக்கம் இடுப்பு வரைக்கும் வர்ற தலை வலது பக்கம் பாதிலயே நிக்குதுன்னா கூட ரெண்டு கேரட்ட காட்டி வளைக்கப் பாக்காதீங்க, கால்நடை டாக்டர கூப்பிட்டு அந்தப் பக்கத்த தொட்டுப் பாக்கச் சொல்லுங்க.