ஆங்கிலம் புரிகிறது, பேச வரவில்லையா? ஒரே கதையை மூன்று முறை சொல்லிப் பாருங்கள்

படித்தால் புரிகிறது, கேட்டாலும் முக்கால்வாசி பிடிபடுகிறது, ஆனால் நாம் பேச வேண்டிய இடத்தில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. உங்கள் நிலை இதுதான் என்றால், தயவுசெய்து இன்னொரு இலக்கணப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். தெரிந்ததைச் சட்டென்று எடுத்துப் பேசும் பழக்கம்தான் குறைகிறது. அதற்கென்றே 4/3/2 என்று ஒரு பயிற்சி உண்டு. மொழி கற்பித்தல் துறையைச் சேர்ந்த கீத் மாரிஸ் 1983இல் எழுதியது, பிறகு அதே துறை அறிஞர் பால் நேஷன் பரவலாக்கினார். ஒரே கதையை 4, 3, 2 நிமிடம் என்று குறைத்துக்கொண்டே மூன்று பேரிடம் அடுத்தடுத்துச் சொல்வதுதான் அதன் முறை, ஆள் இல்லாவிட்டால் ஃபோன் ரெக்கார்டர் போதும்.

முதலில் தலைப்பு. நேற்று என்ன செய்தீர்கள் என்பது மாதிரி யோசிக்கவே வேண்டாத ஒன்று. முழுதாக எழுதி வைத்துப் படிக்காதீர்கள், நாலைந்து குறிப்புச் சொற்கள் மட்டும் கையில் இருக்கட்டும்.

அடுத்து, ரெக்கார்டரை ஓடவிட்டு 4 நிமிடம் பேசுங்கள். அது அதிகமாகத் தெரிந்தால் 2 நிமிடத்தில் ஆரம்பித்து ஒன்றரை, ஒன்று என்று குறைத்துக்கொள்ளலாம். சொல் மறந்தால் நிற்காமல் சுற்றி வாருங்கள்: 'லேடர்' வரவில்லையா, 'த திங் வீ க்ளைம்ப் டு ரீச் த ரூஃப்' என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

நாம் அதிகம் திணறும் இடம் ஒன்று இருக்கிறது. 'நேற்று மழையில் நனைந்துகொண்டே ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்தேன்' என்பதில் 'வந்தேன்' கடைசியில்தான் வருகிறது, ஆங்கிலத்திலோ அது 'ஐ' என்றதுமே வந்தாக வேண்டும். தமிழில் வாக்கியம் முழுவதையும் கட்டிவிட்டு மொழிபெயர்க்கப் போனால் வினைச்சொல்லைத் தேடி முதல் அடியிலேயே நிற்போம். அதனால் யார், என்ன செய்தார் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்: 'ஐ கேம் ஹோம்'. அப்புறம் 'ஃப்ரம் த ஆஃபீஸ்', 'இன் த ரெயின்' என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். பயிற்சியில் வேறெதையும் கவனிக்க முடியாவிட்டாலும் இதைக் கவனியுங்கள்.

சரி, இப்போது அதே கதையை 3 நிமிடத்தில், பிறகு 2 நிமிடத்தில். கதையைச் சுருக்காதீர்கள், வேகத்தைக் கூட்டுங்கள். முதல் சுற்றில் தேடிய சொற்கள் இப்போது கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் இடையில் விழும் மௌனங்கள் தானாகக் குறையும்.

கடைசியாக, பதிவைக் கேட்டு ஒரே ஒரு பிழையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பத்தையும் திருத்தப் போனால் மறுநாள் பேசவே பயமாகிவிடும்.

உச்சரிப்புக்குத் தனியாக 5 நிமிடம் ஒதுக்குங்கள். எழுத்து வடிவமும் உள்ள ஒரு நிமிட ஆடியோவைப் போட்டு, பேசுபவருக்கு அரை நொடி பின்னால் நிழல் மாதிரி கூடவே பேசுங்கள். அழுத்தம் எங்கே விழுகிறது என்று காது கொடுங்கள். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் விழும் அழுத்தம், 'ஃபோட்டோகிராஃபர்' என்றதும் இரண்டாம் அசைக்குப் போய்விடும்.

தினமும் புதுத் தலைப்பு எடுங்கள். எட்டாம் நாள் மட்டும் முதல் நாள் கதையையே திரும்பப் பேசி, இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.