டவ்காட் சர்வரில் மெயில் ஃபோல்டர்களை அமைப்பது எப்படி?

புது மெயில் சர்வரில் முதல் கணக்கைத் திறக்கும் முன்பே ஃபோல்டர் அமைப்பை முடிவு செய்துவிடுங்கள். பிறகு மாற்றினால், வரும் மெயிலைத் தானாகப் பிரித்துப் போட, பழைய பாதையை நம்பி எழுதிய சீவ் ஃபில்டர்கள் வேலை செய்யாது. இங்கே டவ்காட் என்ற மெயில் சர்வர் மென்பொருளின் 2.3 பதிப்பை வைத்துப் பார்ப்போம்.

முதலில் பிரிப்புக்குறி. ஃபோல்டருக்கும் அதன் உள்ஃபோல்டருக்கும் நடுவே எந்தக் குறி வரும் என்பதை ஐமேப்பில் (மெயில் ஆப் சர்வரோடு பேசும் முறை) சர்வர்தான் தீர்மானித்து மெயில் ஆப்புக்குச் சொல்கிறது. ஒவ்வொரு மெயிலையும் தனிக் கோப்பாக வைக்கும் மெயில்டிர் சேமிப்பில் டவ்காட் இயல்பாக எடுத்துக்கொள்வது புள்ளி. இது நமக்குச் சரிவராது. 'ஜி.எஸ்.டி' என்று ஒரு ஃபோல்டர் போட்டால், சர்வருக்கு அது 'ஜி'க்குள் 'எஸ்', அதற்குள் 'டி' என்று மூன்று அடுக்கு.

ஆகவே டவ்காட் அமைப்புக் கோப்பின் நேம்ஸ்பேஸ் பகுதியில் செப்பரேட்டராக, அதாவது பிரிப்புக்குறியாக, சாய்கோட்டைக் (/) கொடுங்கள். ப்ரிஃபிக்ஸ் (முன்னொட்டு) காலியாகவே இருக்கட்டும். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. டிஸ்க்கில் பிரிப்புக்குறி இன்னும் புள்ளிதான் என்பதால், பெயரில் புள்ளி இருந்தால் சர்வர் ஏற்காது. மெயில் லொகேஷன் வரியில் லேஅவுட்டை எஃப்.எஸ். என்றும் மாற்ற வேண்டும். அப்போது ஒவ்வொரு ஃபோல்டரும் தனி டைரக்டரியாகிவிடும். மெயில்டிரின் சொந்த டைரக்டரிப் பெயர்களான கர் (cur), நியூ (new), டெம்ப் (tmp) ஆகியவற்றை ஆங்கிலத்தில் அப்படியே ஃபோல்டர் பெயராக வைக்க முடியாது, அவ்வளவுதான்.

அடுத்து, அனுப்பிய மெயில்கள். தண்டர்பேர்ட் 'சென்ட்' என்கிறது, அவுட்லுக் 'சென்ட் ஐட்டம்ஸ்', ஆப்பிள் மெயில் 'சென்ட் மெசேஜஸ்'. ஒருவரே மூன்றையும் பயன்படுத்தினால் மெயில்கள் மூன்று இடத்தில் சிதறும். 2011-இல் வந்த ஆர்.எஃப்.சி. 6154 என்ற இணைய நெறிமுறை ஆவணம், எந்த ஃபோல்டர் எதற்கு என்று சொல்லும் ஸ்பெஷல் யூஸ் அடையாளங்களை இதற்காகவே தந்தது. சென்ட், டிராஃப்ட்ஸ், ஜங்க், டிராஷ் நான்குக்கும் அவற்றைப் போட்டு, ஆட்டோ என்பதில் சப்ஸ்கிரைப் கொடுங்கள். அந்த அடையாளத்தை மதிக்கும் ஆப்கள் தாமாகவே சரியான ஃபோல்டரைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, தமிழ்ப் பெயர்கள்? தாராளமாக வைக்கலாம். பழைய ஐமேப் அவற்றை மாற்றியமைத்த யு.டி.எஃப்-7 என்ற ஆங்கில எழுத்து வடிவமாக்கி அனுப்புவதால், டிஸ்க்கில் ஆம்பர்சண்டில் (&) தொடங்கும் புரியாத எழுத்துகளாகத் தெரியும். கையால் பெயர் மாற்றாதீர்கள். டவ்காட்டின் டவ் அட்மின் (doveadm) கட்டளையிலேயே மாற்றுங்கள். 2021-இல் வந்த புதிய ஐமேப் நேரடியாக யு.டி.எஃப்-8 பேசுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கொள்முதல்' என்பதில் உள்ள 'கொ'வின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட்டை மட்டும் பார்க்கும் சர்வருக்கு இரண்டு ஃபோல்டர். புதிய ஐமேப் விதிப்படி, என்.எஃப்.சி. வடிவத்தில் (இங்கே, ஒரே குறியீடாக எழுதுவது) இல்லாத பெயரை சர்வர் மறுக்க வேண்டும், அல்லது அந்த வடிவத்துக்கு மாற்றிச் சேமிக்கலாம். ஸ்கிரிப்ட் வழியாக ஃபோல்டர் உருவாக்குபவர்கள் அந்த மாற்றத்தை ஸ்கிரிப்டிலேயே செய்துவிடுவது நல்லது.