பூர்வீகம் தேடும்போது எங்கே தவறிப்போகிறோம்

நிறையப் பேர் மேலிருந்து தொடங்குகிறார்கள். 'நாங்கள் இன்ன அரசர் வம்சம்' என்று வீட்டில் கேட்டிருப்பார்கள், உடனே அந்த அரசரைப் பிடித்துக்கொண்டு தங்களை அங்கே ஒட்டப் பார்ப்பார்கள். தயவுசெய்து உங்களிடமிருந்து தொடங்குங்கள்: நீங்கள், பெற்றோர், அவர்களைப் பெற்றவர்கள். தாத்தா விஷயத்தில் தவறான ஆளைப் பிடித்துவிட்டால், அதற்கு மேல் வருஷக்கணக்கில் தேடிச் சேர்ப்பது எல்லாமே யாரோ ஒருவர் வீட்டுக் கதை.

ஆவணங்களைப் பிறகு பார்க்கலாம், வயதானவர்களிடம் இந்த வாரமே பேசுங்கள். 'பழைய கதை சொல்லுங்கள்' என்று மொட்டையாகக் கேட்டால் ஒன்றும் வராது. ஒரு பழைய போட்டோவைக் கையில் கொடுத்து, ஓரத்தில் நிற்கும் இந்தப் பையன் யார் என்று கேட்டுப் பாருங்கள். அவனுக்கு அண்ணன்கள் எத்தனை பேர், எதனால் இறந்தான், அந்த வீட்டோடு ஏன் பேச்சு நின்றது என்று ஒவ்வொன்றாக வரும். அப்புறம், போட்டோவின் பின்பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள்.

என் அனுபவத்தில் அதிகம் ஏமாற்றுவது பெயர்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது பல சமூகங்களில் உண்டு. ஒரு குழந்தை இறந்துபோனால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பதும் ஒரு காலத்தில் சாதாரணம். பிறப்புப் பதிவு கிடைத்த சந்தோஷத்தில் அப்படியே குறித்துக்கொள்கிறோம். இறப்புப் பதிவேட்டையும் சேர்த்துப் புரட்டியிருந்தால், அந்தக் குழந்தை ஒன்றரை வயதிலேயே போய்விட்டது, நம் கொள்ளுத்தாத்தா அதற்குப் பின் அதே பெயரில் பிறந்த தம்பி என்று தெரிந்திருக்கும். பெயரோடு மனைவி பெயர், தொழில், ஊர் என்று இன்னும் இரண்டு மூன்று பொருந்தினால்தான் அதே ஆள் என்று நம்புங்கள்.

வயதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தின் 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பதினைந்து வயது தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் அதில் 35 ஆகியிருப்பார். பெயரின் எழுத்து மாறியிருக்கிறதே என்று ஒரு பதிவை ஒதுக்குவதும் தவறுதான், எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்.

இணையத்தில் யாரோ போட்ட குடும்ப மரத்தை அப்படியே நகலெடுப்பது இன்னொன்று. ஐம்பது பேர் ஒரே தேதியைப் போட்டிருந்தாலும், நாற்பத்தொன்பது பேர் ஒருவரைப் பார்த்துப் போட்டதாக இருக்கலாம். மூலப் பதிவைப் பாருங்கள், எங்கே பார்த்தீர்கள் என்று கூடவே குறித்துவிடுங்கள், சந்தேகம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

அப்பா வழியை மட்டும் பிடித்துப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு: பத்துத் தலைமுறைக்கு முன் உங்கள் குடும்ப மரத்தில் முன்னோருக்கு 1024 இடங்கள் உண்டு, அதில் ஒன்றுதான் அப்பா வழியாக மட்டுமே போவது. அம்மாவின் அம்மா பிறந்த வீடு எது என்பதே பல குடும்பங்களில் மறந்துபோயிருக்கிறது, எனக்கு அது பெரிய வருத்தம்.

டி.என்.ஏ. பரிசோதனை பெயர் சொல்லாது, இன்னாரோடு இவ்வளவு பொருந்துகிறது என்றுதான் சொல்லும். ஏழெட்டுத் தலைமுறைக்கு முந்தைய ஒருவரின் டி.என்.ஏ. துளிகூட உங்களிடம் இல்லாமல் போகலாம், அதனால் அவர் உங்கள் முன்னோர் இல்லை என்று ஆகிவிடாது. வீட்டில் யாரும் சொல்லாத ஓர் அண்ணனோ அக்காவோ முடிவில் வந்து நிற்கவும் கூடும். மாதிரி கொடுக்கும் பெரியவரிடம் இதைச் சொல்லி, சம்மதம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.