போர்முனைக்குப் படமெடுக்கப் போகிறீர்களா? கேமராவைக் கடைசியில் எடுங்கள்

கோவையில் ஞாயிறு காலைகளில் புகைப்பட வகுப்பு எடுக்கிறேன். போர்க்களம் போகும் கனவோடு வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்த லென்ஸ் வாங்கலாமுங்க?" லென்ஸ் கடைசியில் வரட்டும்.

2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராட்டாவில் விழுந்த குண்டில் டிம் ஹெதரிங்டன், கிறிஸ் ஹோண்ட்ரோஸ் என்ற இரு புகைப்படக்காரர்கள் இறந்தார்கள். ஹெதரிங்டனுக்குத் தொடைப் பக்கம் காயம். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இரத்தம் வெளியேறி உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கர், சொந்தப் பொறுப்பில் போகும் செய்தியாளர்களுக்கு முதலுதவி கற்றுத்தரவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: இரத்தத்தை நிறுத்தப் பழகுங்கள்

டூர்னிக்கே என்ற பட்டை இரண்டு வாங்குங்கள். ஒன்று பழக, இன்னொன்று பிரிக்காமல் களத்துக்கு. கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டால், காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே பட்டையைச் சுற்றி இழுத்து, அதிலுள்ள குச்சியை இரத்தம் நிற்கும்வரை திருக வேண்டும். முழங்கால் மூட்டிலோ முழங்கை மூட்டிலோ கட்டக் கூடாது. அடிபட்டவர் வலியில் கத்துவார், அதற்காகத் தளர்த்திவிடாதீர்கள். கட்டிய நேரத்தைப் பட்டையிலேயே எழுதுங்கள். மருத்துவர் வரும்வரை அவிழ்க்க வேண்டாம்.

வகுப்பில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கையால் தன் இன்னொரு கையில் கட்டச் சொல்வேன். முதல் தடவை எல்லோருக்கும் பட்டை முறுக்கிக்கொள்ளும். இருபதாவது தடவை கை தானாகப் போகும். ஆனால் இது முழுப் பயிற்சி ஆகாது. முறையான முதலுதவிப் பயிற்சியும், ஆபத்தான இடங்களில் வேலை செய்வோருக்கான பயிற்சியும் முடிக்காமல் கிளம்பாதீர்கள்.

படி 2: பாரத்தோடு நடங்கள்

மெல்லிய கவச உடை கைத்துப்பாக்கிக் குண்டையும் சிதறல்களையும்தான் தாங்கும். ரைபிள் குண்டுக்குத் தகடு வைத்தது வேண்டும், அது கனக்கும். முதுகுப் பையில் பத்து கிலோ அரிசியோடு மருதமலைப் படி ஏறிப் பழகுங்கள். அப்புறம் சீசனில் வெள்ளியங்கிரி. ஏழாவது மலையில் கால் நடுங்கும்போதும் கேமரா ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கவசத்தை விலைக்கு வாங்க முடியாதவர்களுக்கு எல்லையற்ற செய்தியாளர்கள் அமைப்பு இரவல் தருவதுண்டு.

படி 3: சட்டமும் தாளும்

1977-இல் ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்த்த நெறிமுறையின்படி, போர்க்களச் செய்தியாளர் பொதுமக்களில் ஒருவர். ஆயுதம் தொடாதீர்கள், ராணுவ நிற உடை போடாதீர்கள். சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருப்பதே குற்றம். படத்தில் பதியும் இடக்குறிப்பை அணைத்து வையுங்கள். நீங்கள் எடுத்தவரின் வீட்டை அது காட்டிக்கொடுத்துவிடும்.

படி 4: திரும்பும் எல்லையை வீட்டிலேயே எழுதுங்கள்

"ஏஞ்சாமி, போயே ஆகோணுமா?" என்று அம்முச்சி கேட்பார். மழுப்பாமல் உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை மணிக்கு ஒருமுறை செய்தி அனுப்புவீர்கள், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்.

2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டாக்கில் இந்தியப் புகைப்படக்காரர் டேனிஷ் சித்திக்கி கொல்லப்பட்டார். அன்று அவர் ஆப்கன் படையினருடன் இருந்தார்; அதற்கு முன்பே கையில் சிதறல் பட்டிருந்தது. ஒரு படையோடு போனால், அந்தப் படை மேல் விழும் குண்டு உங்கள் மேலும் விழும். காயம் பட்டால் திரும்புவேன், கூட வரும் உள்ளூர் உதவியாளர் "போக வேண்டாம்" என்று சொன்னால் நின்றுவிடுவேன் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். களத்தின் பரபரப்பில் அந்த முடிவை எடுக்க வராது. அந்த உதவியாளர் நீங்கள் கிளம்பிய பிறகும் அதே ஊரில் வாழ வேண்டியவர் என்பதையும் மறக்காதீர்கள்.

போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா 1954-இல் வியட்நாமில் சாலையை விட்டு விலகி நடந்தபோது கண்ணிவெடியில் இறந்தார். ஆள் நடமாட்டம் இல்லாத வரப்பில் கால் வைக்காதீர்கள்.

சரி, லென்ஸ். புழுதியில் லென்ஸ் மாற்றினால், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் தூசி படியும். அதனால் இரண்டு கேமரா: ஒன்றில் அருகில் எடுக்க 35 மி.மீ. லென்ஸ், இன்னொன்றில் தொலைவில் எடுக்க 70-200 மி.மீ. லென்ஸ்.