லினக்ஸில் எஃப்.டி.8: ஒலி அட்டையை முதலில் அடக்குங்கள்

அமெச்சூர் வானொலி உரிமமும் அழைப்புக்குறியும் கையில் இருக்கின்றன, ரேடியோவுக்கும் யு.எஸ்.பி. ஒலி அட்டைக்கும் இடையே கேபிள் போட்டாயிற்று என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். எஃப்.டி.8 என்பது பலவீனமான சிக்னலிலும் குறுஞ்செய்திகளைப் பரிமாறும் டிஜிட்டல் வானொலி முறை; அதற்கு டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் என்ற மென்பொருள் போதும். பி.எஸ்.கே.31 என்ற இன்னொரு டிஜிட்டல் முறையில் தட்டச்சு செய்து உரையாட விரும்பினால் எஃப்.எல்.டிஜி மென்பொருள் நல்லது. ஆனால் முதலில் எஃப்.டி.8-ஐ ஓட வையுங்கள். 14.074 மெகாஹெர்ட்ஸில் பகல் வேளையில் பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். உங்கள் அமைப்பு சரியா என்பது விரைவில் தெரிந்துவிடும். ரேடியோ மேல் பக்கப்பட்டையில், அதாவது ரேடியோவில் யு.எஸ்.பி. என்று குறிக்கப்படும் முறையில் (இது கேபிளின் யு.எஸ்.பி. அல்ல) இருக்கட்டும்.

முதல் வேலை, ரேடியோவைக் கட்டுப்படுத்தும் சீரியல் போர்ட்டுக்கான அனுமதி. உங்கள் பயனர் கணக்கை 'டயல்அவுட்' குழுவில் சேருங்கள். ஆர்ச் லினக்ஸில் அந்தக் குழுவின் பெயர் 'யு.யு.சி.பி.'. சேர்த்தபின் கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் அது நடப்புக்கு வரும். பிறகு டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸின் ரேடியோ அமைப்புப் பக்கத்தில் 'டெஸ்ட் கேட்' பொத்தானை அழுத்துங்கள். பச்சையானால் ரேடியோவும் கணினியும் பேசிக்கொள்கின்றன.

அடுத்தது கடிகாரம். எஃப்.டி.8 15 விநாடிச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒரு விநாடிக்கு மேல் பிசகினால் சிக்கல்தான். இணையத்தோடு ஒப்பிட்டுக் கடிகாரத்தைத் திருத்தும் குரோனியை நிறுவிவிட்டு மறந்துவிடலாம்.

இனி ஒலி. கணினியின் இயல்புநிலை ஒலிச்சாதனமாக ரேடியோ அட்டையை ஒருபோதும் வைக்காதீர்கள். மின்னஞ்சல் வந்த மணியோசை வானலையில் போய்விடும். ஒலிச்சாதனங்களை நிர்வகிக்கும் பாவுகண்ட்ரோலைத் திறந்து, உள்ளமைந்த ஒலிபெருக்கியை இயல்புநிலையாக்குங்கள். ரேடியோ அட்டையை டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸின் ஆடியோ பக்கத்தில் மட்டும் தேர்ந்தெடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது இதற்கடுத்த படியில். சி-மீடியா சில்லு உள்ள மலிவான யு.எஸ்.பி. அட்டைகளில் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு பெரும்பாலும் இயங்கிக்கொண்டே இருக்கும். பேச்சுக்கு அது உதவும், எஃப்.டி.8-க்கு நஞ்சு. ஒரே நேரத்தில் பல நிலையங்கள் ஒலிக்கும்போது, வலுவான ஒன்று வந்தவுடன் அட்டை எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கிவிடுகிறது, பலவீனமானவை மறைகின்றன. சிக்னல்களை நிறங்களாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரையைக் கவனியுங்கள். சுற்றுகளுக்கு இடையிலான சிறு இடைவெளியில் பின்னணி பளிச்சென்று ஏறி, சுற்று தொடங்கியதும் மங்கினால் இந்தக் கட்டுப்பாட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ரேடியோவின் சொந்தத் தானியங்கிக் கட்டுப்பாடான ஏ.ஜி.சி.யும் இதைச் செய்யக்கூடும் என்பதால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முனையத்தில் ஓடும் ஒலிக்கலவைக் கருவியான ஆல்சாமிக்சரைத் திறந்து, எஃப்6 அழுத்தி அந்த அட்டையைத் தேர்ந்தெடுங்கள். எஃப்5 அழுத்தினால் எல்லாக் கட்டுப்பாடுகளும் தெரியும். 'ஆட்டோ கெயின் கண்ட்ரோல்' பெட்டியில் நின்று எம் விசையைத் தட்டுங்கள். 'எம்எம்' என்று வந்தால் அணைந்துவிட்டது. பிறகு சிக்னல் இல்லாத இடத்தில் டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸின் அளவுமானி ஏறத்தாழ 30 டெசிபல் காட்டும்படி பெறும் அளவை வையுங்கள்.

அனுப்பும் அளவை அமைக்க, ஆன்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடை (சக்தியை வெளிவிடாமல் உள்வாங்கும் போலிச் சுமை) இணைத்து 'டியூன்' பொத்தானை அழுத்தி, மென்பொருளின் பவர் நகர்த்தியைக் கீழிருந்து மெல்ல ஏற்றுங்கள். ரேடியோவின் ஏ.எல்.சி. (அனுப்பும் அளவைத் தானாகக் கட்டுப்படுத்தும் அமைப்பு) முள் அசையத் தொடங்கும் இடத்திற்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். ஒலியை அளவுக்கு மீறி ஏற்றினால் சிக்னல் அகன்று பக்கத்தில் இருப்பவரின் தொடர்பைக் கெடுக்கும். ஒலி அலைவரிசை தாழ்வாக இருந்தால் அதன் இரட்டிப்பு அலைவரிசையும் ரேடியோவின் வடிகட்டிக்குள் நுழைந்து வெளியே போகும். ஆகவே டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸின் ஸ்பிளிட் அமைப்பில் 'ஃபேக் இட்' தேர்ந்தெடுங்கள்; அது அனுப்பும் ஒலியை 1500 முதல் 2000 ஹெர்ட்ஸுக்குள் வைத்துக்கொள்ளும். ரேடியோவின் பேச்சு அமுக்கியை அணைத்துவிடுவதில் இரண்டாவது யோசனையே வேண்டாம்.

பின்சேர்க்கை: உபுண்டு 22.04-இல் சிஎச்340 என்ற யு.எஸ்.பி.-சீரியல் மாற்றிச் சில்லு கொண்ட கேபிளைச் செருகியவுடன் சீரியல் போர்ட் காணாமல் போவதாக வாசகர்கள் எழுதினார்கள். பார்வையற்றோருக்கான பிரெயில் காட்சிக் கருவிகளுக்கு உதவும் 'பிஆர்எல்டிடிஒய்' என்ற சேவை, அந்தச் சில்லைத் தன் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. பிரெயில் கருவி பயன்படுத்தாதவர்கள் அந்தத் தொகுப்பை நீக்கிவிட்டுக் கேபிளைக் கழற்றி மறுபடி செருகினால் போர்ட் திரும்பி வரும். பயன்படுத்துபவர்கள் அந்தச் சில்லுக்கான யூடெவ் (லினக்ஸில் செருகும் கருவிகளை அடையாளம் காணும் சேவை) விதியை மட்டும் முடக்கலாம்.