பல் ப்ளீச்சிங்: ஜெல்லைத் தொடும் முன் கறையைப் பாருங்கள்

தேநீர், காபி, புகையிலைக் கறை பல்லின் மேல்தான் படிந்திருக்கும். பல நேரம் ஸ்கேலிங் (பல் மருத்துவர் கறையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்தாலே போய்விடும், ப்ளீச்சிங்கே வேண்டியிருக்காது. வயதாக ஆக வரும் மஞ்சள் நிறம், பல்லின் வெளி ஓடான எனாமலுக்கு அடியில், டென்டின் என்ற உள்பகுதியில் இருப்பது. ப்ளீச்சிங்கில் நன்றாக வெளுப்பது இதுதான். சிறுவயதில் சாப்பிட்ட டெட்ராசைக்ளின் மருந்தால் வந்த சாம்பல் நிறம் மாற மாதக்கணக்கில் ஆகும். ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் அதன் நரம்பு செத்திருக்கலாம். முதலில் எக்ஸ்ரே எடுங்கள்.

கேப், ஃபில்லிங் இரண்டும் வெளுக்காது. முன்பல்லில் ஃபில்லிங் இருந்தால், எல்லாம் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் புது நிறத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உடனே மாற்றினால், பல்லுக்குள் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் அதைச் சரியாக ஒட்டவிடாது.

வெளுக்க வைப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. வீட்டில் போடும் ஜெல்லில் பெரும்பாலும் கார்பமைடு பெராக்சைடு இருக்கும். அதிலிருந்துதான் ஹைட்ரஜன் பெராக்சைடு வெளிவரும்: கார்பமைடு 10 சதவீதம் என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 3.5 சதவீதம். கிளினிக்கில் ஹைட்ரஜன் பெராக்சைடையே 25 முதல் 40 சதவீதம் வரை போடுவார்கள், அதுவும் ஈறை மூடிவிட்டு. அவசரம் இல்லையென்றால் வீட்டில் போடும் 10 சதவீதக் கார்பமைடு ஜெல்லே நல்லது. கூச்சம் குறைவு, இரண்டு வாரத்தில் பல் நன்றாகவே வெளுத்துவிடும்.

ஜெல்லைப் பல்லோடு பிடித்து வைக்கும் உறைதான் ட்ரே. அது உங்கள் பல் அளவெடுத்துச் செய்ததாக இருக்கட்டும். பல் துலக்கியபின், ட்ரேயில் ஒவ்வொரு பல்லின் முன்பக்கத்திலும் அரிசி அளவு ஜெல் வைத்தால் போதும். மாட்டியதும் ஓரத்தில் பிதுங்குவதைப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான்: துடைக்காமல் விட்ட இடத்தில் ஈறு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து எரியும். கழற்றிக் கழுவினால் ஓரிரு நாளில் ஆறிவிடும். அதுவரை ஜெல் வேண்டாம். கூச்சம் வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். 5 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையை ட்ரேயில் வைத்துப் பத்து நிமிடம் மாட்டினாலும் அடங்கும். சுளீரென்று ஒரு பல் மட்டும் குத்தினால் நிறுத்திவிடுங்கள், அங்கே சொத்தையோ விரிசலோ இருக்கலாம்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போடுங்கள். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அதன் அமிலம் எனாமலைக் கரைக்கும், கரைந்த எனாமல் திரும்ப வளராது. எனாமல் மெலிந்தால் உள்ளிருக்கும் மஞ்சள் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

ட்ரேயைக் கழற்றியதும் பல் ஈரம் வற்றிக் கூடுதல் வெள்ளையாகத் தெரியும். சில நாளில் சற்று இறங்கும். அதைப் பார்த்துப் பயந்து அடுத்த ஜெல் சிரிஞ்சைத் திறக்காதீர்கள். நிறம் நிலைக்க இரண்டு வாரம் ஆகும்.