வன்னி ரோட்டுக்கு மோட்டார் சைக்கிள் எடுக்கும்போது

எத்தனை சிசி என்று கேட்க முதல், எந்த ரோட்டில் கூட ஓடப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். ஏ9 பெருந்தெருவில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் நாளாந்தம் வேலைக்குப் போய்வருகிறவருக்கு 150 சிசி சரி. மணிக்கு 70 கிலோமீற்றரில் நெடுக ஓடினாலும் எஞ்சின் முக்காது, பஸ்ஸை முந்தவும் இழுவை இருக்கும். வீடு ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, வயல் குளக்கட்டுக்கு அங்கால் என்றால் அதே சைக்கிள் வீண் பாரம். பல்சர் 150 ஏறத்தாழ 145 கிலோ, 100 சிசி வகை ஸ்பிளெண்டர் 110 கிலோ அளவில். மாரியில் பின்சில்லு களிக்குள் புதைந்து தனியே நின்று தூக்கும்போது அந்த 35 கிலோ விளங்கும்.

சில்லின் அளவும் முக்கியம். ஸ்பிளெண்டருக்கு 18 அங்குலம், பழைய டியோ ஸ்கூட்டருக்கு 10. மழை அரித்த கிரவல் குழியைப் பெரிய சில்லு கடந்துவிடும். சின்னது உள்ளே இறங்கி ஹாண்டிலைப் பறிக்கும். ரவுணுக்குள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, சாமான் வாங்கி வர ஸ்கூட்டரை அடிக்க ஒன்றும் இல்லை. கிரவலுக்கு வேண்டாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் திரும்பத் திறக்கும்வரை பழசுகள் கைமாறினதே கூட. ஆகவே பழசு பார்க்கிறவர்கள் கவனம். போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஸ்ராட் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஆறும்வரை இருந்து, குளிரில் ஸ்ராட் எடுங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயிலைக் குடிக்கிறது. எயர் ஃபில்ரர் பெட்டியைக் கட்டாயம் திறக்கச் சொல்லுங்கள். ஃபில்ரருக்கு உட்பக்கம் செம்மண் தூசி படிந்திருந்தால் அது எஞ்சினுக்குள்ளும் போயிருக்கும், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். பிறகு நடு ஸ்ராண்டில் விட்டு, முன்சில்லை நிலத்தில் படாமல் தூக்கி, ஹாண்டிலை மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் கொளுவி நின்றால் கழுத்துக் கோப்பை (ஹாண்டில் திரும்பும் இடத்துப் பெயரிங் இருக்கும் கிண்ணம்) குழி விழுந்துவிட்டது. கிரவலில் அடிபட்ட சைக்கிளுக்கு வழமையான வருத்தம் இது. பின் ஸ்பொக்கெற்றின் பின்புறத்தில் செயினைப் பிடித்து இழுக்கும்போது பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயினும் ஸ்பொக்கெற்றும் சோடியாக மாற்றவேண்டும். அந்தக் காசை விலையில் குறையுங்கள்.

சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வாகனப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். லீசிங் கம்பனியின் பெயர் புத்தகத்தில் இருந்தால் அதை நீக்கித் தரும்வரை முழுக்காசு கொடுக்காதீர்கள். ஓப்பின் பேப்பரில் (வாங்குபவரின் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்த மாற்றப் பத்திரத்தில்) வாங்கினால் மறுநாளே பெயர் மாற்றப் பாருங்கள்.

எடுத்த பிறகு காற்று. ஸ்பிளெண்டர் வகைக்குத் தனியாள் என்றால் முன்னுக்கு 25, பின்னுக்கு 28 பிஎஸ்ஐ. பின்னால் ஆளோ நெல் மூட்டையோ ஏறினால் பின்னுக்கு 40. கரையோர மணலில் காற்றை இறக்கி ஓடும் பழக்கம் சிலருக்கு உண்டு. ரியூப் ரயரில் அளவுக்கு மீறி இறக்கினால் ரயர் ரிம்மில் சறுக்கி, வால்வுக் கழுத்து அறுந்துபோகும். நாலைந்து பிஎஸ்ஐக்கு மேல் குறைக்காதீர்கள், தார் ஏறியதும் திரும்ப அடியுங்கள். செயின் நடுவில் 20 முதல் 30 மில்லிமீற்றர் ஆடவேண்டும். சில்லைச் சுற்றி, அது ஆக இறுகும் இடத்தில் அளவெடுங்கள்.

ஓட்டம் ரோட்டோடு மாறவேண்டும். தாரில் நிற்பாட்டுவது பெரும்பாலும் முன் பிரேக். கிரவலில் அதை இறுக்கினால் முன்சில்லு வழுக்கி ஆளைப் போடும்; முதலே கியரைக் குறைத்து, பின் பிரேக்கை மெல்ல மிதியுங்கள். மணலில் இரண்டாம் கியர், உடம்பைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்து, அக்சிலேற்றரை விடாமல் போகவேண்டும். ஹாண்டில் கொஞ்சம் ஆடும், ஆடட்டும், இறுக்கிப் பிடித்தால்தான் விழுத்தும். இரவில் ஏ9 இல் மாடு படுத்திருக்கும், கறுப்பு மாடு லைற்றுக்குள் வரப் பிந்தும். லைற் எட்டும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்துக்கு மேல் போகவேண்டாம்.

மாரியில் ரோட்டைக் கடந்து ஓடும் தண்ணீரை முதலில் நடந்து பாருங்கள். கடந்த பிறகு ட்ரம் பிரேக் பிடிக்காது. மெதுவாக ஓடிக்கொண்டே இலேசாக மிதித்து மிதித்துக் காயவிட்டு, பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு வேகம் எடுங்கள்.